அருங்காட்சியகத்தில் குழந்தைகள் அறை: எழுதத் தெரியாதவர்களின் கருத்தை யார் கேட்பது?

அல்சூர் ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு நம் பெங்களூரின் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, மனத்தாங்கல் மட்டும் உண்டு. மகளுக்கு ஆறு வயது. மகனுக்கு மூன்று முடிந்து நான்கு மாதம்.

தரைத்தளத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பெரிய அறை. கப்பியில் ஓடும் கயிற்றைக் கைப்பிடியால் சுற்றி வாளியைத் தூக்கும் கருவி ஒன்று அங்கே இருக்கிறது. மகன் அதைக் கண்டதும் வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கைப்பிடி அவனுக்கு எட்டவில்லை. நுனிக்காலில் நின்று பார்த்தான், குதித்துப் பார்த்தான், கடைசியில் என் கைப்பையைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறிவிட்டான். காவலர் ஓடி வந்து இறக்கிவிட்டார். அவர் செய்தது சரிதான், இல்லாவிட்டால் விழுந்திருப்பான். ஆனால் அந்த அறையின் வாசலில் "3 முதல் 8 வயது வரை" என்று எழுதியிருக்கிறது. மூன்று வயதுக்காரன் ஒருவன் அந்தக் கைப்பிடியின் கீழே நின்றதை அதை அமைத்தவர்கள் ஒருமுறையாவது பார்த்திருப்பார்களா?

வெளியே வரும்போது மேசைமேல் கருத்துப் பதிவேடு இருந்தது. நின்று முப்பது பக்கங்களாவது புரட்டியிருப்பேன். "மிக அருமை." "கழிப்பறையைச் சுத்தமாக வைக்கவும்." "வண்டி நிறுத்த இடமில்லை." எல்லாம் எங்களைப் போன்ற பெரியவர்கள் எழுதியவை. யாருக்காக அந்த அறையைக் கட்டினார்களோ அவர்கள் எழுதிய ஒரு வரி இல்லை. மகள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி ஒரு வாளி வரைந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பையன், அவனுக்குக் கூரை வரை நீண்ட கைகள். மேசையில் இருந்தவர், "இதில் படம் வரையக் கூடாது, கருத்து மட்டும்தான் எழுத வேண்டும்" என்றார். "அப்படியானால் இதை எங்கே சொல்வது, அம்மா?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுத நினைக்கிறேன். வெறும் புகாராக இல்லாமல், பிள்ளைகளின் கருத்தை எப்படிக் கேட்கலாம் என்று அவர்களுக்குப் பயன்படும்படி எழுத வேண்டும். இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தாருங்கள்.

ஜெயநகர் ஆசிரியர் | திங்கள், காலை 6.15

மகள் வரைந்த படத்தைப் பற்றிப் படித்ததும் மனம் இளகிவிட்டது, அம்மா. ஆனாலும் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் 27 ஆண்டுகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியன். கஸ்தூரிபா சாலையில் உள்ள விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்துக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிச் சென்றவன். 1965இல் திறந்த அந்த இடத்துக்குப் பெங்களூரில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் கடன்பட்டிருக்கிறார்கள். தொட்டு, சுழற்றி, அழுத்திப் பார்க்கலாம் என்ற சுதந்திரத்தை எங்கள் மாணவர்கள் முதன்முதலில் கண்டது அங்கேதான்.

பிள்ளையிடம் போய் "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் "ஐஸ்கிரீம்" என்பான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த வயதின் இயல்பு அது. அருங்காட்சியகம் கேட்க வேண்டியது ஆசிரியர்களை. நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் கவனித்த கண் எங்களுடையது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட, புறப்படும் நேரத்தில் ஒருவரும் என்னை நிறுத்தி, "ஐயா, எங்கே நெரிசல், எங்கே சலிப்பு?" என்று கேட்டதில்லை. எந்த இடத்திலும் கேட்டதில்லை. அது எனக்கு இன்றும் ஒரு குறைதான்.

தச்சுப் பட்டறை | திங்கள், இரவு 10.05

சகோதரி, உங்கள் மகன் ஏறி நின்ற இடத்தில் தவறு எங்களைப் போன்றவர்கள் மேல்தான். பீன்யாவில் எனக்குச் சிறு பட்டறை இருக்கிறது. கண்காட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் கையால் இயக்கும் கருவிகள் செய்து தருகிறோம்.

என்ன நடக்கிறது என்று உள்ளபடி சொல்கிறேன். வரைபடம் கணினியில் தயாராகிறது. அதில் கையெழுத்துப் போடுவது ஐந்தரை அடி உயரமுள்ளவர்கள். பட்டறைக்கு வந்து கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பதும் அவர்கள்தான். திறப்பு விழாவில் முதலில் இயக்குபவர் சிறப்பு விருந்தினர். மூன்றரை வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர், எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் கால் மீட்டருக்குச் சற்று மேல் கூடுதல். ஒரே கைப்பிடி இருவருக்கும் பொருந்தாது. ஒன்று உயரத்தை மாற்றும்படி செய்ய வேண்டும், அல்லது கீழே உறுதியான படி வைக்க வேண்டும். இது எங்களுக்குத் தெரியாததல்ல. பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கிய பிறகு எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அது உடைந்ததைச் சரிசெய்ய மட்டுமே.

அதனால் நான் வேறு விதமாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பழுது பார்க்கப் போகும்போது தேய்மானத்தைப் பார்ப்பேன். வண்ணம் எங்கே உரிந்திருக்கிறது, எந்தப் பொத்தான் பளபளப்பாகிவிட்டது, எந்தப் பொத்தானில் தூசி படிந்திருக்கிறது. ஒரு முறை பலகையின் பக்கவாட்டில், நாங்கள் கைவைக்கவே நினைக்காத இடத்தில், வழவழவென்று ஒரு தேய்வு இருந்தது. சின்னப் பிள்ளைகள் அதைப் பிடித்துத் தொங்கி மேலே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடுத்து செய்த பலகையில் அதே இடத்தில் ஒரு பிடி வைத்தேன்.

இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் கோழிக்குஞ்சு முட்டையை உடைத்து வெளிவரும் காட்சியைச் சுற்றியிருந்த தரை ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததாம். மற்ற இடங்களில் அதே ஓடுகள் ஆண்டுக்கணக்கில் தாங்கின. ஆய்வாளர்கள் 1966இலேயே இதை எழுதிவைத்தார்கள். கண்ணாடிமேல் பதிந்த மூக்குத் தடங்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்த்தால் வந்து போனவர்களின் வயதைக்கூட ஊகிக்கலாம் என்றும் சொன்னார்கள். நம் ஊரில் தினமும் காலையில் அந்தத் தடங்களைத் துணியால் துடைத்துவிடுகிறோம்.

வரவேற்பு மேசை | செவ்வாய், பிற்பகல் 1.30

நான் இந்த நகரிலேயே ஓர் அருங்காட்சியகத்தில் மூன்று ஆண்டுகள் விளக்குநராக இருந்தவள். தச்சுப் பட்டறை அண்ணா "துடைத்துவிடுகிறோம்" என்று எழுதியதும் எனக்கு நினைவுக்கு வந்தவர் எங்கள் துப்புரவுப் பணியாளர் அக்கா.

வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்தார். எந்தப் பொம்மையைப் பிள்ளைகள் வாயில் வைக்கிறார்கள், எந்த மூலையில் அழுகிறார்கள், எந்த மேசையின் அடியில் ஒளிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று அவருக்கு அத்துப்படி. மேசையடியில் ஒளிந்த பிள்ளைகளை அவர் விரட்ட மாட்டார். "சத்தம் தாங்காமல் உள்ளே போகிறார்கள், கொஞ்ச நேரத்தில் தானாக வெளியே வருவார்கள்" என்பார். மூன்று ஆண்டுகளில் நடந்த எந்தக் கூட்டத்துக்கும் அவரை அழைத்ததில்லை. காவலர்களையும் அழைத்ததில்லை. கருத்துப் பதிவேட்டை மட்டும் மாதம் ஒருமுறை மேலதிகாரி பார்த்துக் கையெழுத்திடுவார்.

கடிதத்தில் இதை எழுதுங்கள், சகோதரி. மாலை மூடும் நேரத்தில் பத்து நிமிடம். காவலர், துப்புரவுப் பணியாளர், விளக்குநர், டிக்கெட் கொடுப்பவர் எல்லோரும் நின்று, "இன்று எந்தப் பிள்ளை எங்கே சிரமப்பட்டது?" என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

இன்னொன்று. அன்று உங்கள் மகனை இறக்கிவிட்ட காவலர், அதே கருவியில் எத்தனை பிள்ளைகளை இதுவரை இறக்கிவிட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

எண்ணும் எழுத்தும் | செவ்வாய், இரவு 11.20

கணக்கெடுப்புகள் நடத்துவது என் தொழில். சில இடங்களில் மெஷின் வைத்துவிட்டார்கள், வெளியேறும்போது சிரிக்கும் முகம், அழும் முகம் என்று பொத்தான். அதைப் பற்றி முதலில் எச்சரித்துவிடுகிறேன். சிறு பிள்ளைகளிடம் முகப்படங்களைக் காட்டினால் பெரும்பாலும் மிகப் பெரிதாகச் சிரிக்கும் முகத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தவிர, அந்தப் பொத்தானே அவர்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருள், ஒரே பிள்ளை இருபது முறை அழுத்தும். இரண்டு மூன்று வயதுக் குழந்தையிடம் "பிடித்ததா?" என்று கேட்டால் "ஆம்" என்று சொல்லும் சாய்வும் உண்டு. கேள்வியை மாற்றிக் கேட்கலாம். "திரும்ப ஒருமுறை எதை விளையாடப் போகிறாய்?" என்று கேட்டுவிட்டு, வாயால் சொல்வதை விட்டுவிட்டுக் கால் எங்கே போகிறது என்று பாருங்கள்.

பார்ப்பதற்கு முறை இருக்கிறது. எட்வர்ட் ராபின்சன் என்ற உளவியலாளர் 1920களில் அமெரிக்க அருங்காட்சியகங்களில் கையில் கடிகாரத்தோடு பார்வையாளர்களைக் கவனித்து, எங்கே நின்றார்கள், எத்தனை நொடி நின்றார்கள் என்று குறித்தார். 1928இல் அது வெளியானது. இன்றுவரை அடிப்படை அதுதான். ஒரு பொருள் எத்தனை பேரை இழுக்கிறது என்பது ஒரு கணக்கு, வந்தவரை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்பது வேறு கணக்கு. பளிச்சென்று விளக்கெரியும் பொருள் எல்லோரையும் இழுக்கும், பத்து நொடியில் விட்டுவிடும். மணல் தொட்டி சிலரையே இழுக்கும், அவர்களை அரை மணி நேரம் விடாது.

குழந்தைகள் அறைக்கு மூன்றாவதாக ஒரு கணக்கைச் சேர்க்க வேண்டும் என்பேன். விளையாட்டு எப்படி முடிந்தது? பிள்ளை தானாக நகர்ந்ததா, பெரியவர் இழுத்துச் சென்றாரா, இன்னொரு பிள்ளை தள்ளிவிட்டதா, எட்டாமல் கைவிட்டதா? இதைக் குறிக்காமல் "சராசரியாக 2 நிமிடம் நின்றார்கள்" என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணால் பயனே இல்லை.

யாரைக் கவனிப்பது என்பதில் நேர்மை வேண்டும். அழகாக விளையாடும் பிள்ளையையே கண் தேடிப் போகும். அதனால் வாசலில் ஒரு கோடு வைத்துக்கொண்டு, அதைக் கடக்கும் ஒவ்வொரு மூன்றாவது பிள்ளையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், காகிதமும் பென்சிலும் போதும். கேமரா வைத்துப் பின்தொடரலாமே என்று யாராவது சொல்வார்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் அதை எதிர்ப்பேன். கவனிக்கிறோம் என்று வாசலில் பெரிதாக எழுதிவைத்துவிட்டு, விரும்பாதவர்களை விட்டுவிட வேண்டும்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையிடம் கேட்பதற்கும் கேள்வித்தாள் தவிர வேறு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் அலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் 2001இல் விவரித்த முறையில், மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் கையில் கேமராவை வாங்கிக்கொண்டு தமக்கு முக்கியமான இடங்களைப் படம் எடுக்கிறார்கள், பெரியவர்களைக் கைபிடித்துச் சுற்றிக் காட்டுகிறார்கள், வரைபடம் வரைகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். அல்சூர் சகோதரியின் மகள் வரைந்த படம் அப்படிப்பட்ட ஒன்றுதான். அதை "கருத்து இல்லை" என்று சொன்னது தவறு.

மாட்டுங்கா | புதன், காலை 8.50

மும்பையிலிருந்து எழுதுகிறேன். "பிள்ளையிடம் கேட்டால் ஐஸ்கிரீம் என்பான்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. எங்கள் ஊரின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகம் 2019இல் தன் தோட்டத்தில் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. அங்கே பிள்ளைகளையே காட்சி அமைப்பாளர்களாக உட்காரவைத்தார்கள். எந்தப் பொருளை வைப்பது, என்ன எழுதுவது என்பதில் அவர்களுக்கு வாக்கு உண்டு. வோர்லியில் உள்ள நேரு அறிவியல் மையம் 1979இலேயே, உலகக் குழந்தைகள் ஆண்டில், அறிவியல் பூங்காவைத் திறந்தவெளியில் அமைத்தது. ஊஞ்சலும் ஊசலும் அங்கே பாடம். என் பிள்ளைகள் வியர்க்க வியர்க்க அங்கே விளையாடியவர்கள்.

குழந்தை உரிமை உடன்படிக்கையை ஐ.நா. 1989இல் ஏற்றது, இந்தியா 1992இல் இணைந்தது. அதில் 31ஆம் உறுப்பு விளையாடும் உரிமை. 12ஆம் உறுப்பு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும் அதற்கு மதிப்புப் பெறவும் உள்ள உரிமை. அருங்காட்சியகத்தின் விளையாட்டு அறையில் இந்த இரண்டு உரிமைகளுக்கும் ஒரே நேரத்தில் இடம் தர முடியும். அதைவிட்டு அங்கேயும் பெரியவர்களின் பதிவேடுதானா?

அமைதி நேரம் | புதன், இரவு 10.45

தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் உள்ளவன். மேசையின் அடியில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பற்றி வரவேற்பு மேசை சகோதரி எழுதியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த அக்காவின் கண் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நாங்கள் போன ஆண்டு ஒரு குழந்தைகள் அறைக்குள் நுழைந்து ஆறே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். மூன்று திரைகளில் மூன்று பாட்டு, அதற்கு மேல் ஒரு மணி. அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வையில் கருத்துப் பதிவேட்டைத் தேடி எழுதும் நிலையில் நான் இல்லை. கதவைத் தாண்டி ஆட்டோ பிடித்தால் போதும் என்றிருந்தது. ஆகவே அந்த அறையைப் பற்றிய கருத்துகளில் நாங்கள் இல்லை. பாதியில் திரும்பியவர்களும், வாசலில் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பிய சக்கர நாற்காலிக் குடும்பங்களும், டிக்கெட் விலையைக் கேட்டுத் திரும்பியவர்களும் இல்லை. உள்ளே கடைசிவரை நின்றவர்களிடம் மட்டும் கேட்டால் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றுதான் வரும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. ஆனால் பொது இடங்களில் அணுகல் என்றால் சாய்தளம் ஒன்று கட்டுவதோடு முடிந்துவிடுகிறது. எங்களுக்கு வேண்டியது மிகச் சிறியது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒலியைக் குறைத்து, கூட்டத்தைக் குறைத்து வையுங்கள். உள்ளே எங்கே சத்தம் அதிகம் என்று வாசலில் ஒரு படம் மாட்டுங்கள். இங்கேயே ஜே.பி. நகரில் 2019இல் தொடங்கிய இந்திய இசை அனுபவ அருங்காட்சியகத்தில் வெளியே ஓர் ஒலித்தோட்டம் இருக்கிறது. தட்டினால் ஒலிக்கும் கருவிகள், மேலே வானம். சத்தத்துக்கு அஞ்சும் என் மகன் அங்கே தானே தட்டி, தானே கேட்டு நெடுநேரம் இருந்தான். சத்தம் அவன் கையில் இருந்தது என்பதுதான் வேறுபாடு. இதை அவன் சொல்லவில்லை. அவன் வாயால் சொல்ல மாட்டான். நான் பார்த்தேன்.

வரவேற்பு மேசை | வியாழன், காலை 9.10

அமைதி நேரம் அண்ணா, நீங்கள் எழுதியதை என் பழைய சக பணியாளர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

உங்கள் மகனை நினைத்ததும் ஒருவரைச் சொல்லத் தோன்றுகிறது. போஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு 1962இல் மைக்கேல் ஸ்பாக் இயக்குநராக வந்தார். அவருக்குப் படிப்பதில் சிரமம் இருந்தது, டிஸ்லெக்ஸியா. எழுத்துப் பலகையும் கண்ணாடிப் பெட்டியும் வைத்துவிட்டால் போதும் என்று அவரால் நினைக்க முடியவில்லை. பொருள்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். அன்றாடப் பொருள்களை நடுவில் வெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டினார். தான் பட்ட சிரமத்தை அவர் மறக்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

சிவாஜிநகர் பாட்டி | வியாழன், மாலை 5.00

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன். எனக்குத் தமிழும் கன்னடமும் உருதுவும் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. பேரப்பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது நான்தான், அவர்கள் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறார்கள். இதுவரை எந்த இடத்திலும் யாரும் என்னிடம் வாயைத் திறந்து "எப்படி இருந்தது, அம்மா?" என்று கேட்டதில்லை. தாளை நீட்டுகிறார்கள். நான் "வேண்டாம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெரியவர்கள் உட்கார ஒரு பெஞ்சு இல்லை. எனக்கு முழங்கால் வலி. நான் நிற்க முடியாமல் "வா, போகலாம்" என்று பேரனைக் கூப்பிட்டுவிடுகிறேன். அவன் அழுதுகொண்டே வருகிறான். அந்தப் பாவம் என்னைச் சேர்கிறது.

இன்னொன்றும் சொல்வேன். ஓர் இடத்தில் பல்லாங்குழிப் பலகை வைத்திருந்தார்கள், கண்ணாடிக்குள்! பக்கத்தில் நின்ற கன்னடப் பெண் "நம்ம அளகுளி மணெ" என்றாள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு பலகையும் கொஞ்சம் புளியங்கொட்டையும் வெளியே வைத்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்போம்.

எண்ணும் எழுத்தும் | வியாழன், இரவு 9.30

பாட்டி அம்மா, உங்கள் பெஞ்சுதான் நான் சொன்ன மூன்றாவது கணக்கு. விளையாட்டு முடிந்ததற்குக் காரணம் கருவி இல்லை, பாட்டியின் முழங்கால். கருவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் "இந்தப் பொருள் பிள்ளைகளைப் பிடித்துவைக்கவில்லை" என்று எழுதி அதை அகற்றியிருப்பார்கள்.

ஜெயநகர் ஆசிரியர் | வெள்ளி, காலை 6.05

மூன்று நாட்களாக எல்லாவற்றையும் படித்தேன். ஐஸ்கிரீம் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கேட்கத் தெரியாமல் கேட்டதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஓர் அச்சம் எனக்கு இன்னும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். கருத்துக் கேட்டால் எந்தக் கருத்தின்படி நடப்பது? பெற்றோர்களைக் கேட்டுப் பாருங்கள். "எழுத்துகள் வையுங்கள், எண்கள் வையுங்கள், பிள்ளை ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும்" என்பார்கள். பெரிய திரை கேட்பார்கள். அவர்கள் சொல்வதையெல்லாம் செய்தால் மணல் தொட்டி போய்விடும், தண்ணீர் மேசை போய்விடும், எஞ்சுவது இன்னொரு டியூஷன் வகுப்பு. பெரும்பான்மை வாக்கைக் கொண்டு விளையாட்டை முடிவு செய்யக் கூடாது. கருத்தைக் கேட்பவருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு தெளிவும் பிடிவாதமும் வேண்டும்.

மாட்டுங்கா | வெள்ளி, காலை 10.40

இதில் உங்கள் பக்கம் நிற்கிறேன், ஐயா. பெற்றோர் எழுத்துகள் கேட்டால், அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். டிக்கெட் வாங்கி வந்த நேரம் வீணாகக் கூடாது என்ற கவலைதான் அது. அதற்கு மணல் தொட்டியை அகற்ற வேண்டியதில்லை. "ஈர மணலையும் உலர்ந்த மணலையும் உங்கள் பிள்ளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்று அருகில் ஒரு பலகை வைத்தால் அம்மாவும் நின்று பார்ப்பார்.

தச்சுப் பட்டறை | வெள்ளி, இரவு 11.00

அல்சூர் சகோதரி கடிதம் எழுதும்போது ஒன்றை மறக்காமல் சேருங்கள். எதையும் எடுத்த எடுப்பிலேயே இரும்பிலும் மரத்திலும் செய்யச் சொல்லாதீர்கள். அட்டைப் பெட்டி, டேப், கயிறு, தண்ணீர் கேன் போதும். ஒரு சனிக்கிழமை வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் அதை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், ஞாயிறன்று மாற்றுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் தொடங்கிய எக்ஸ்புளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தில் பட்டறையே பார்வையாளர் கண்ணெதிரில் இருக்கிறது. செய்பவருக்கும் விளையாடுபவருக்கும் நடுவே சுவர் இல்லை. நான் பொறாமைப்படும் ஒரே இடம் அது.

பாதுகாப்பில் மட்டும் தளர்வு கூடாது. மூன்று வயதுக்குட்பட்டவர்கள் புழங்கும் இடத்தில் சிறு பொருள்களைச் சோதிக்க ஓர் உருளை உண்டு, விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம். பாட்டி அம்மா சொன்ன புளியங்கொட்டை அடங்கும். ஆகவே பல்லாங்குழியைப் பெரிய பிள்ளைகளின் பக்கம், உட்கார்ந்து பார்க்கும் ஒரு பெரியவரோடு வைக்க வேண்டும். சின்னவர்களுக்கு நம் சன்னபட்டணத்து மரப்பந்துகள் இருக்கின்றன. வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றியவை, பெரிதாகவே கடைந்து வாங்கலாம்.

அல்சூர் ஏரிக்கரை | அடுத்த செவ்வாய், இரவு 10.15

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கடிதம் இரண்டு பக்கம் வந்தது. கேட்டவை ஐந்துதான்: கைப்பிடிக்குக் கீழே ஒரு படி, பாட்டிகளுக்கு ஒரு பெஞ்சு, வாரத்தில் ஓர் அமைதி நேரம், மாலையில் பணியாளர்களின் பத்து நிமிடம், பிள்ளைகள் வரைய ஒரு தனிப் பதிவேடு. ஆறாவதாக நானே ஒன்றைச் சேர்த்தேன். கேட்ட கருத்துகளில் எதை மாற்றினார்கள், எதை ஏன் மாற்ற முடியவில்லை என்று மாதம் ஒருமுறை அறை வாசலில் எழுதி மாட்ட வேண்டும். முடியாது என்பதையும் எழுத வேண்டும். அன்று நான் புரட்டிய கருத்துப் பதிவேட்டில் எத்தனையோ பேர் பெயரும் தேதியும் போட்டு எழுதியிருந்தார்கள். பதில் என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை. பதில் வராத இடத்தில் இரண்டாம் முறை யார் எழுதுவார்கள்?

மகள் படத்தைத் திரும்ப வரைந்து கொடுத்தாள், அதையும் இணைத்தேன்.

நேற்று தொலைபேசியில் ஒருவர் பேசினார். பொறுமையாகக் கேட்டார். படியும் பெஞ்சும் உடனே பார்க்கலாம், அமைதி நேரத்துக்கு மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். வரும் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் நாங்கள் அறையில் உட்கார்ந்து காகிதத்தில் குறித்துக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார். பெயர் எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்றார். நாமும் அதைத்தானே பேசினோம்.

அல்சூர் ஏரிக்கரை | ஞாயிறு, பிற்பகல் 3.30

நேற்று ஆசிரியர் ஐயா, எண்ணும் எழுத்தும், நான் ஆகிய மூவரும் போனோம். வாசற்கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு மூன்றாவது பிள்ளையையும் எடுத்துக்கொண்டோம். கப்பிக் கருவியிடம் வந்த சின்னவர்களில் பெரும்பாலோருக்குக் கை எட்டவில்லை. சிலர் அப்பாவின் இடுப்பில் ஏறிச் சுற்றினார்கள். ஒரு பெண் குழந்தை கைப்பிடியை விட்டுவிட்டு, கீழே தொங்கிய கயிற்றையே நேராகப் பிடித்து இழுத்தாள். வாளி மேலே போனது! அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் இழுக்க வந்துவிட்டார்கள். காவலர் தடுக்க எழுந்தார். ஆசிரியர் ஐயா அவரருகில் போய் மெல்ல ஏதோ சொன்னார். அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே எங்களிடம் வந்து, "இந்தக் கயிற்றைத்தான் எல்லாப் பிள்ளைகளும் இழுக்கப் பார்க்கிறார்கள், நான்தான் தினமும் தடுக்கிறேன்" என்றார். அதையும் எழுதிக்கொண்டோம்.

தச்சுப் பட்டறை அண்ணா, கயிற்றை இழுப்பது ஆபத்தா? படி வைப்பதா, கயிற்றையே இழுக்கும்படி மாற்றுவதா?

தச்சுப் பட்டறை | ஞாயிறு, இரவு 8.20

இப்போது இருக்கும் கயிறு விரலை அறுக்கும், அதனால் காவலர் தடுத்தது நல்லது. தடித்த பருத்திக் கயிறு போட்டு, விரல் கப்பிக்குள் போகாதபடி மேலே மூடி வைத்து, வாளி தடாலென்று விழாமல் இறங்க எதிரெடை கட்டிவிட்டால் கயிற்றை நேராகவே இழுக்கலாம். படி தேவைப்படாமலும் போகலாம். ஆனால் எனக்குத் தெரியாது, பிள்ளைகள்தான் காட்ட வேண்டும். நிர்வாகம் சம்மதித்தால் அடுத்த சனிக்கிழமை இரண்டையும் கொண்டுவருகிறேன். 15 சென்டிமீட்டரில் ஒரு படி, புதுக் கயிறும் எதிரெடையும். முதல் ஒரு மணி நேரம் படி, அடுத்த ஒரு மணி நேரம் கயிறு. குறிப்பெடுக்க நான்கு பேராவது வேண்டும்.

அமைதி நேரம் | ஞாயிறு, இரவு 8.55

நான் வருகிறேன். கூட்டம் வருவதற்கு முன் காலை பத்து மணிக்கே மகனையும் கூட்டிவரலாமா என்று அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள், சகோதரி. அவனுக்குக் கயிறு இழுப்பது மிகவும் பிடிக்கும்.